வாடிக்கார மக்டலீனின் இரண்டு பிள்ளைகள்

மக்டலீன் என்ற பேரைப் புஷ்பமலர் முதன்முதலாகக் கேட்டது கெல்சென்கிர்ச்சனில், பூசை முடிந்து சனம் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்ற மண்டபத்தில்தான். தொண்ணூற்றாறாம் ஆண்டு வைகாசி மாதம். அப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது. ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் அகதியாக வந்து இறங்கிய நாளிலிருந்து எத்தனையோ கந்தோர்களில் தாயின் பேரை எழுதிக் கொடுத்திருக்கிறாள். தாயின் தாயை ஒருவரும் கேட்கவில்லை. அந்தத் தாயையும் பெற்றவளின் பேர்தான் மக்டலீன்.

அன்றைக்குத்தான் புஷ்பமலரின் மகள் லவினியாவுக்கும் எமிலுக்கும் முதல் ஓலை வாசித்தார்கள். லவினியா ஹம் நகரத்து வயோதிபர் இல்லத்தில் வேலை. எமில் கெல்சென்கிர்ச்சனில் கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை. இரண்டு வருடம் பழகி, பிறகு வீட்டில் சொல்லி, இரண்டு பக்கமும் தலையாட்டிய கலியாணம். கத்தோலிக்கச் சனத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் பேர் சொல்லி ஓலை வாசிக்க வேண்டும். தடை ஏதும் தெரிந்தவர்கள் எழும்பிச் சொல்லலாம். முதல் ஓலை கெல்சென்கிர்ச்சனில், இரண்டாவது எஸ்ஸனில், மூன்றாவது ஹம்மில். அதற்கு அடுத்த வெள்ளி நகரசபையில் பதிவுக்கு நேரம் குறித்த ரெர்மின், சனி கலியாணம்.

சுவாமி வாசித்தபோது ஒருவரும் எழும்பவில்லை. தேத்தண்ணி நேரத்தில்தான் இராயப்புக் கிழவர் வந்தார். தலைமன்னார் மனிதர், எழுபத்தாறு வயது, மகனோடு இருக்கிறார். எவரைக் கண்டாலும் வம்சவழி கேட்காமல் விடமாட்டார்.

"உங்கடை அம்மாவைப் பெத்தவ ஆர், பிள்ளை?" என்று எமிலின் தாய் பிலோமினாவைக் கேட்டார்.

"லூர்தம்மா. மன்னார்ப் பக்கமிருந்து பாஷையூருக்குக் கலியாணம் முடிச்சு வந்தவ."

"உங்கடை?" என்று புஷ்பமலர் பக்கம் திரும்பினார்.

"சவேரியம்மா. எங்கடை அம்மாவைப் பெத்த கையோடை செத்துப்போனாவாம். அம்மா நாவாந்துறையிலை தகப்பன்ரை ஆக்களோடை வளர்ந்தவ."

கிழவர் கோப்பையை மேசையில் வைத்தார். தேத்தண்ணி பாதியும் குடிக்கவில்லை.

"ரெண்டு பேரும் வாடிக்கார மக்டலீன்ரை பெட்டையள் எல்லோ. ஒரே நாள் கலியாணம், ஒரே தோணியிலை யாழ்ப்பாணம் போனதுகள். நான் கரையிலை நிண்டு பாத்தனான்."

பிலோமினாவின் முகம் மாறியதைப் புஷ்பமலர் கண்டாள். கணக்குப் பார்க்கக் காகிதம் தேவைப்படவில்லை. சவேரியம்மாவும் லூர்தம்மாவும் சகோதரிகள் என்றால் அவர்களின் மகள்மாரும் சகோதரிகள். அந்த மகள்மாரின் மகள்மாராகிய புஷ்பமலரும் பிலோமினாவும் சகோதரிகள். அப்படியென்றால் எமிலும் லவினியாவும் அண்ணனும் தங்கச்சியும். நடுவில் ஒரு ஆண் வந்திருந்தாலும் மச்சான் மச்சாள் முறை வந்திருக்கும். வரவில்லை. அடியிலிருந்து நுனிவரை பெண்ணுக்குப் பெண்.

"என்ரை பெறாமகளை நான் எப்பிடி மருமகளாக்கிறது?" என்று பிலோமினா மெல்லக் கேட்டாள். பிறகு குரல் உயர்ந்தது. "ஊரிலை எண்டா கலியாணப் பேச்சுக்கால் தொடங்க முதலே கிழடுகள் பிடிச்சிருக்குங்கள். இஞ்சை வந்து ஆர் ஆரெண்டு தெரியாமல் நிக்கிறம்."

சுவாமியிடம் போனார்கள். சுவாமி விரல் மடித்து எண்ணிப் பார்த்து, திருச்சபைச் சட்டத்தில் இது தடைக்குள் வராது, அவ்வளவு தூரத்து உறவு என்றார்.

"சட்டத்திலை வராது சுவாமி, வாயிலை வருமே" என்றாள் பிலோமினா. "நாளைக்கு அந்தப் பிள்ளை என்னை மாமி எண்டு கூப்பிடுறதோ, பெரியம்மா எண்டு கூப்பிடுறதோ?" பிறகு புஷ்பமலரைப் பார்த்தாள். "மூண்டாம் ஓலைக்குள்ளை ஒரு முடிவு தெரியவேணும். இல்லாட்டி ஹம்மிலை நான்தான் எழும்புவன். தடை எண்டு என்ரை வாயாலை சொல்லுவன்."

திரும்பி வரும் ரயிலில் லவினியா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். ஹம் வந்து இறங்கும்போது, "அம்மா, ஆரோ ஒரு மனிசி எழுபது எண்பது வரியத்துக்கு முந்தி ரெண்டு பிள்ளை பெத்ததுக்கு நான் என்ன செய்யிறது?" என்று மட்டும் கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை வேலை முடித்து, உடுப்பு மாற்றாமலே புஷ்பமலர் கெல்சென்கிர்ச்சனுக்கு ரயில் ஏறினாள். இராயப்பரின் வீடு நாலாம் மாடி. எதிர் வீட்டுப் பல்கனிகளில் ஊர்ப் பந்தாட்டக் குழுவின் நீலமும் வெள்ளையுமான கொடிகள் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன.

"மக்டலீன் ஆரெண்டு கேட்க வந்தனியோ, நான் மறந்துபோனன் எண்டு சொல்லச் சொல்லிக் கேட்க வந்தனியோ?" என்றார் கிழவர்.

"ரெண்டுக்கும்தான் அப்பு."

கிழவர் சிரித்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். அவர் சொன்னதிலிருந்துதான் புஷ்பமலருக்குத் தன் பூட்டியின் உருவம் தெரிய வந்தது.

மக்டலீன் பேசாலைப் பெண். புருஷன் சூசை சங்கு குளிக்கிறவன். ஒருநாள் போனவன் மேலே வரவில்லை. அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயதும் இல்லை. பேசாலையில் இருக்காமல் தலைமன்னாருக்கு வந்து, கரையில் மீன் காயப்போடுகிற வாடி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். ஓலைக் கொட்டில், உப்புச் சாக்கு, மீன் வெட்டுகிற பலகை, அவ்வளவுதான் வாடி. விடியத் தோணி வந்தால் வயிறு கீறி, குடல் எடுத்து, உப்புப் போட்டு, மணலில் பாய் விரித்துப் பரப்ப வேண்டும். வெயில் ஏறினால் புரட்ட வேண்டும். மழை இருட்டினால் ஓடிப்போய் அள்ள வேண்டும். திருக்கை முள் குத்தி அவளுடைய இடது கை நடுவிரல் மடங்காது. மீன் இல்லாத மாதங்களில் இந்தியாவிலிருந்து கப்பலில் வருகிற தோட்டக் கூலிச் சனத்துக்கு இறங்குதுறையில் தண்ணீர் சுமந்தாள்.

"வந்த புதிசிலையே ரெண்டு பிள்ளையளைக் கையிலை பிடிச்சபடி திரிஞ்சவவாம். எங்கடை அம்மா சொல்லுவா. எனக்குத் தெரிய ரெண்டும் வளந்த பெட்டையள். ரெண்டும் ஒரு உயரம். சட்டைத்துணி வாங்கினா ஒரு துண்டிலை ரெண்டு பேருக்கும் வெட்டுவா. ஒருக்கா பாஷையூரிலையிருந்து லூர்தம்மாவை மட்டும் கேட்டு வந்தவை. மற்றவளுக்கும் மாப்பிள்ளை பாத்துக்கொண்டு வாங்கோ, ரெண்டும் ஒரு நாளிலை போகவேணும் எண்டு சொல்லித் திருப்பிவிட்டவ. வாடிக்காரிக்கு வந்த எடுப்பைப் பாரெண்டு ஊர் சிரிச்சுது. ஒரு வரியம் கழிச்சு ரெண்டு மாப்பிள்ளையோடை வந்தாங்கள்."

"பிறகு?"

"பிறகென்ன, அடுத்த வரியம் சவேரியம்மா பிள்ளைப்பேறிலை போயிட்டாள் எண்டு தகவல். மக்டலீன் தோணி ஏறிப் போனவ. அங்கை அவை வாடிக்காரியைப் படலைக்குள்ளை விடேல்லையாம். பிள்ளையைக் காட்டவும் இல்லை. திரும்பி வந்து அண்டைக்கே மீன் புரட்டினவ. நான் பாத்தனான்."

அந்தப் பிள்ளைதான் புஷ்பமலரின் தாய். புஷ்பமலர் கதிரையைக் கிழவருக்குக் கிட்ட இழுத்தாள். பிறகு கேட்டாள்.

"ரெண்டும் ஒரு உயரமெண்டா இரட்டைப் பிள்ளையளோ?"

"சீச்சீ. முகம் ஒண்டுக்கொண்டு ஒட்டாது. ஆனா வயசு பாத்துக் கோயிலிலை குடுக்கிற முதல் நன்மையை ரெண்டு பேரும் ஒண்டாத்தான் வாங்கினதுகளாம்."

புஷ்பமலர் ஹம்மில் வேலை செய்வது ஆஸ்பத்திரியின் பிள்ளைப்பேற்றுப் பகுதியில், தரை துடைக்கிற வேலை. மாதக் கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்தக் காலத்தில் பிள்ளை பிறந்த கிழமைக்குள் ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். அன்றைக்கு எந்தப் புனிதரின் நாளோ அந்தப் பேரைத்தான் வைப்பார்கள். சவேரியார் திருநாள் மார்கழி மூன்று. லூர்து மாதா திருநாள் மாசி பதினொன்று. ஒன்றாக முதல் நன்மை வாங்கியதென்றால் ஒரு வயதுப் பிள்ளைகள்; ரயிலில் இருந்தபடி விரலை மடித்துப் பார்த்தாள். மார்கழிப் பிள்ளை மூத்ததென்றால் இடைவெளி இரண்டு மாதத்துக்குச் சற்று மேல். மாசிப் பிள்ளை மூத்ததென்றால் பத்து மாதம்கூட முழுசாக இல்லை. முலை குடிக்கிற பிள்ளையோடு, புருஷனைக் கடலில் விட்ட பெண்ணுக்குப் பத்து மாதத்தில் இன்னொன்றா? இரண்டில் ஒன்று மக்டலீனின் வயிற்றில் பிறந்ததல்ல என்று அவள் மனம் சொன்னது. மனம் சொன்னால் போதாது. பதிவேடு சொல்ல வேண்டும்.

மன்னாரில் கன்னியர் மடத்தில் இராயப்பரின் பெறாமகள் சிஸ்டர் ஜெனோவா இருந்தார். யுத்தக் காலம். தொலைபேசி சில நாள் வரும், சில நாள் வராது. வியாழக்கிழமை ஒருவாறு தொடர்பு கிடைத்தது. தலைமன்னாருக்குப் போக ஆமிக்காரரிடம் பாஸ் எடுக்க வேண்டும், பேசாலைக்கும் சேர்த்து எழுதின பழைய ஞானஸ்நானப் புத்தகம் அங்கே சுவாமியின் அலுமாரியில் இருக்கிறது, பார்த்துச் சொல்கிறேன் என்றார் சிஸ்டர்.

இரண்டாம் ஞாயிறு எஸ்ஸனில் ஓலை வாசித்தார்கள். முன் வாங்குப் பலகைகளில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எமில் ஒரு தூணடியில், லவினியா மற்றத் தூணடியில். பிலோமினா புஷ்பமலரோடு பேசவில்லை. வெளியே போகும்போது, பக்கத்தில் நின்ற ஒருத்திக்குச் சொல்வதுபோல, "எங்கடை அம்மம்மா பாஷையூரிலை சங்கையா வாழ்ந்தவ. இப்ப எங்களையும் வாடியிலை கொண்டுபோய் நிப்பாட்டினம்" என்றாள்.

அந்தச் சொல் முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் சிஸ்டரின் தொடர்பு வந்தது.

"அக்கா, புத்தகம் பாத்திட்டன். நீங்கள் நினைச்சது சரி. ஒரு பிள்ளைக்குத் தாய் தகப்பன் பேர் எழுதேல்லை. அந்தப் பிள்ளை..."

அவ்வளவுதான். லைன் அறுந்துவிட்டது. திரும்பத் திரும்ப அடித்தாள். கூவென்ற சத்தம் மட்டும்.

இந்த இடத்தில் புஷ்பமலர் ஒரு பிழை விட்டாள். எஸ்ஸன் கோயில் வாசலில் கேட்ட சொல் அவளைப் பிடித்து உந்தியது. பிலோமினாவுக்குத் தொலைபேசி அடித்து, "பதிவேடு பாத்தாச்சு. ரெண்டும் சகோதரம் இல்லை. உங்கடை அம்மம்மாதான் மக்டலீன் எடுத்து வளத்த பிள்ளை" என்று சொல்லிவிட்டாள். மறுபக்கம் ஒரு மூச்சுச் சத்தம். பிறகு தொலைபேசி வைக்கப்பட்டது.

புதன் போனது, வியாழன் போனது. மன்னார் லைன் கிடைக்கவில்லை. புருஷன் அலோசியஸ் பின்னேர வேலை முடிந்து வந்து, "என்ன நடந்தது?" என்று கேட்பதும், அவள் உதட்டைப் பிதுக்குவதும்தான் வீட்டில் பேச்சு. வெள்ளிக்கிழமை காலை பிலோமினா தானாகவே அடித்தாள். குரல் தணிந்திருந்தது.

"பெடியன் மூண்டு நாளா வேலைக்குப் போகேல்லை. சோத்துக் கோப்பை வைச்சபடி கிடக்குது. யோசிச்சுப் பாத்தன். எடுத்த பிள்ளையெண்டா எடுத்த பிள்ளை. அம்மம்மா செத்து முப்பது வரியம், அவவுக்கு இனி என்ன வெக்கம்? வெக்கம் எனக்குத்தான். இந்தச் சனம் வேறை விதமாக் கதைக்க முதல், ஞாயிறு நானே எழும்பிச் சொல்லுறன், ரெண்டும் சகோதரம் இல்லையெண்டு. நீங்கள் சொல்ல வேண்டாம். நீங்கள் சொன்னா குத்திக்காட்டின மாதிரி இருக்கும்."

"ஓம் அக்கா" என்றாள் புஷ்பமலர்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மன்னார் வந்தது.

"கெதியா எழுதுங்கோ அக்கா, எப்ப அறுமோ தெரியாது" என்று சிஸ்டர் வாசித்தார். லூர்தம்மா, ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினாலு மாசி பதினொன்று, பிறந்து மூன்று நாள், தகப்பன் சூசை, தாய் மக்டலீன். அதற்குப் பிறகு சில பக்கம் தள்ளி, பதினைந்தாம் ஆண்டு மார்கழி மூன்று. சவேரியம்மா, வயது ஏறக்குறைய இரண்டு, பெற்றோர் தெரியாது. ஓரத்தில் பழைய சுவாமியின் கையெழுத்து. இறங்குதுறையடியில் வாந்திபேதியில் இறந்த இந்தியக் கூலிப் பெண் ஒருத்தியின் பிள்ளை. இறந்தவளின் பேர் ஒருவருக்கும் தெரியாது. வாடியில் வேலை செய்யும் விதவை மக்டலீன் தன் பிள்ளையாக ஏற்கிறாள்.

புஷ்பமலர் கையில் இருந்த பேனையை வைத்தாள். எழுதத் தேவையிருக்கவில்லை.

அலோசியஸ் பக்கத்தில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நல்லது. இதோடை விடு" என்றான். "அவ தானே ஒத்துக்கொண்டிட்டா. நாளைக்கு அவ சொல்லட்டும், கலியாணம் நடக்கட்டும்."

"அது பொய் எல்லோ."

"ஆருக்கு நட்டம்? பாரிசிலையிருந்து அண்ணை குடும்பமா வாறார். அவருக்கு முன்னாலை, இறங்குதுறையடியிலை செத்த கூலியின்ரை வழி என்ரை மனிசி எண்டு சொல்லப்போறியோ? என்ன சாதியோ, என்ன சமயமோ. லவினியாவுக்குப் பிறகு எங்கடை சின்னவள் நடாலி இருக்கிறாள். யோசி."

அவள் யோசித்தாள். அன்று பகல் முழுக்கக் கலியாணத்துக்குப் பலகாரம் சுட்டபடி யோசித்தாள். மக்டலீன் வாயைத் திறக்கவில்லை. இரண்டுக்கும் ஒரே துண்டில் சட்டை வெட்டி, ஒரே நாளில் கலியாணம் முடித்து, எது பெற்றது எது எடுத்தது என்று எவரும் அறியாமல் மூடி வைத்தாள். சொன்னால் சவேரியம்மாவை எவனும் கட்டமாட்டான். அந்த மூடியைப் பேத்தியின் மகள் திறப்பதா? திறக்காவிட்டால், பெற்ற மகளின் வழி வந்தவள் எடுத்த பிள்ளையின் வழியென்று நாளைக்குச் சனத்தின் முன் தலைகுனிந்து நிற்பாள். எண்ணெய்ச் சட்டியில் முறுக்கு இரண்டு தரம் கருகியது. லவினியா வந்து அடுப்பைக் குறைத்துவிட்டு, தாயின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் ஞாயிறு. ஹம் கோயிலில் இடம் இல்லை. பாரிசிலிருந்து அலோசியஸின் தமையனும் வந்து முன் வரிசையில் இருந்தார். இராயப்பரை மகன் காரில் கொண்டுவந்து இறக்கியிருந்தான். சுவாமி ஓலையை விரித்தார். மணமகன் பேர், மணமகள் பேர், தாய் தகப்பன் பேர்கள். "இவர்களுக்கிடையே தடை ஏதும் உண்டென்று அறிந்தவர்கள் தெரிவிக்கலாம்."

பிலோமினா மடியிலிருந்த கைப்பையை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். எழும்பப்போகிறாள்.

புஷ்பமலர் அதற்கு முதல் எழும்பிவிட்டாள். அலோசியஸின் கை அவளுடைய சேலையைப் பிடித்தது. அவள் அதை விலக்கவில்லை. அவன் பிடித்திருக்கவே நின்று பேசினாள்.

"சுவாமி, தடை சொல்ல எழும்பேல்லை. தடை இல்லையெண்டு சொல்ல எழும்பினனான். மக்டலீனுக்கு ஒரு பிள்ளைதான். அது லூர்தம்மா, பிலோமினாக்கான்ரை அம்மம்மா. என்ரை அம்மம்மா சவேரியம்மா அவ எடுத்து வளத்த பிள்ளை. தலைமன்னார் இறங்குதுறையடியிலை வாந்திபேதியிலை செத்த ஒரு கூலிப் பொம்பிளையின்ரை பிள்ளை. புத்தகத்திலை கிடக்குது. செவ்வாய்க்கிழமை நான் பிலோமினாக்காவுக்கு மாத்திச் சொன்னனான். தெரியாமல் சொன்னனான். ஆனா அப்பிடி இருக்கவேணும் எண்டு ஆசைப்பட்டுச் சொன்னனான்."

முன் வரிசையில் தமையன் எழுந்து, வாங்குகளுக்கு நடுவால் நடந்து வெளியே போனார். கதவு அடித்துச் சாத்தியது. லவினியா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. எமில் பார்த்தது தன் தாயை மட்டும்.

பிலோமினா இருந்த இடத்திலேயே இருந்தாள். அவள் சொல்லப்போகும் ஒரு சொல்லில்தான் எல்லாம் நின்றது. கூலிக்காரியின் வழியில் பெண் எடுக்க ஏலாது என்று சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

"செத்தவவின்ரை பேர் இல்லையோ?" என்று கேட்டாள்.

"இல்லை அக்கா. எழுதேல்லை."

பிலோமினா எழும்பினாள். புஷ்பமலரின் வாங்குக்கு வந்தாள்.

"தள்ளி இரும்" என்றாள். இருந்து, மூச்சு விட்டு, பக்கத்தில் உள்ளவர்களுக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னாள். "ரெண்டு கிழமையா நீர் என்ரை தங்கச்சியெண்டு நினைச்சு எனக்கு நித்திரை இல்லை. அப்பாடா, இனிச் சம்பந்திதான். சம்பந்தியோடை நல்லாச் சண்டை பிடிக்கலாம். முதலாவது சண்டை அந்தச் செவ்வாய்க்கிழமைக் கதைக்கு. கலியாணம் முடியட்டும், இருக்கு உமக்கு."

சுவாமி ஓலையை மடித்தார்.

வெளியே வந்தபோது இராயப்பர் தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். "எங்களையெல்லாம் பேய்க்காட்டிப்போட்டாள் வாடிக்காரி" என்றார். "ரெண்டையும் தோணியிலை ஏத்திப்போட்டு இடுப்பளவு தண்ணியிலை நிண்டவ. ரெண்டுக்கும் ஒரே மாதிரித்தான் கையைக் காட்டினவ. நான் பாத்தனான்."

கலியாணம் சனிக்கிழமை குறித்தபடி நடந்தது. அலோசியஸின் தமையன் குடும்பம் வரவில்லை. இரண்டு வருடம் பேச்சும் இல்லை. அலோசியஸ் ஒரு மாதம் முகத்தைத் தூக்கிவைத்திருந்துவிட்டு, பிறகு சாப்பாட்டுக்கு உப்புக் கேட்கிற அளவுக்கு வந்தான். பிலோமினா சொன்ன சண்டையைப் பிடித்தாள், ஒரு முறையல்ல.

சிஸ்டர் ஜெனோவா அனுப்பிய கடிதம் ஆடி மாதத்தில் வந்தது. மரணப் புத்தகத்தையும் பார்த்திருந்தார். மக்டலீன் நாற்பத்தொன்றாம் ஆண்டு ஐப்பசியில் காய்ச்சலில் இறந்தாள். தலைமன்னார்ச் சேமக்காலையில், கடல் பக்கத்து மதிலோரம், மூன்றாம் வரிசையில் கிடக்கிறாள்.